சீமைக்கல்

பலகையில் கோட்டை என்று எழுதியிருந்தது. கோட்டை இல்லை. ஒல்லாந்தர் காலத்துக் கிடங்கு ஒன்று, கூரை போனது. சுற்றி இடுப்பளவு மதில். நடுவில் சுண்ணாம்புத் தளம். தளத்தின் கிழக்கு ஓரத்தில் படுக்கை வாட்டில் கல்லறைகள். அதற்கு அப்பால் சவுக்குத் தோப்பு, குப்பம், கடல்.

தேவசகாயம் அதற்குக் காப்பாளர். புல் வெட்டுவது, ஆடு ஓட்டுவது, மதிலில் முளைக்கும் ஆலங்கன்றைப் பிடுங்கி வேர் இருந்த இடத்தில் சுண்ணாம்பு வைத்து அடைப்பது, பூட்டுக்கு எண்ணெய் போடுவது, கோவளத்திலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் எப்போதாவது இறங்குகிறவர்களுக்குக் கல்லறைகளைக் காட்டுவது, எல்லாம் அவன்தான். வாசலை ஒட்டி ஓட்டு வீடு ஒன்றைத் தொல்லியல் இலாகா கொடுத்திருந்தது. அவனும் மனைவி சாராளும் அதில் இருந்தார்கள். அவன் அப்பா மதுராந்தகம் ஏரிக்குக் கீழே ஒரு பண்ணையில் படியாளாக இருந்து செத்தார். தேவசகாயம் மிஷன் பள்ளியில் படித்தான். காக்கிச் சட்டையோடு காவலாளாகச் சேர்ந்தான். பிறகு வெள்ளைச் சட்டை. குப்பத்தில் அவனை சார் என்றார்கள். அந்தச் சொல் அவனுக்குப் பிடித்திருந்தது.

நெத்திலி படுகிற மாதங்களில் குப்பத்துப் பெண்கள் தளத்தில் மீன் காயவைத்தார்கள். கூடாது என்று பலகையில் இருந்தது. அவன் விட்டிருந்தான். மணலில் காய்கிற கருவாட்டில் மண் ஏறும். தளத்தில் காய்வது சுத்தமாக இருக்கும். கோட்டைக் கருவாடு என்றால் செங்கல்பட்டுச் சந்தையில் கேட்டு வாங்குவார்கள். மாலையில் வாரும்போது ஒவ்வொருத்தியும் ஒரு கை அள்ளி சாராளின் முறத்தில் போட்டுவிட்டுப் போவாள்.

கல்லறைகளில் ஒன்று மட்டும் வெள்ளை. மற்றதெல்லாம் இந்தப் பக்கத்துக் கருங்கல். அது கப்பலில் வந்த சலவைக்கல். சீமைக்கல் என்பார்கள். அதன்மேல் யோகன்னா என்று ஒரு பெண்ணின் பெயரும் அதைச் சுற்றி ஒரு பூமாலையும் வெட்டியிருந்தது. அது குப்பம்மா மீன் காயவைக்கும் இடம். குப்பம்மா புருஷன் இல்லாதவள். ஒரே மகன் தணிகைவேல் கரைவலையில் ஒரு பங்குக்கு இழுத்தான்.

மாசி மாதம் ஒரு காலையில் தேவசகாயம் தளத்துக்கு வந்தான். பெண்கள் குனிந்து நெத்திலியைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

“ரெண்டு நாளைக்கு இங்க காயவைக்க வேணாம்.”

“இன்னா சார் விசேசம்?” என்றாள் குப்பம்மா.

“சீமைக்கல்லைப் பாக்க ஆளுங்க வராங்க. ஹாலந்துலேர்ந்து. அந்தம்மாவோட வம்சமாம்.”

“யாரு, நம்ம யோகம்மாளுக்கா? இத்தினி வருசமா எங்க இருந்தாங்கோ? சாவுக்கும் வர்ல, காரியத்துக்கும் வர்ல.”

“சொத்து கித்து கீதான்னு பாக்க வர்றாங்க போல” என்றாள் இன்னொருத்தி.

“இன்னா சொத்து? என் நெத்திலிதான் மேல கீது. வேணும்னா ஒரு படி வாங்கிகினு போவட்டும்.”

பெண்கள் சிரித்தார்கள். தேவசகாயமும் சிரித்தான்.

“மெட்ராஸ் ஆபீசரும் வராரு” என்றான்.

“அத்த மொதல்ல சொல்லு சார். ஆபீசருன்னா எய்ந்துக்கறோம். யோகம்மாளுக்கோசரம் நான் எய்ந்துக்க மாட்டேன்.” அவள் நெத்திலியை ஒதுக்கிவிட்டுக் கல்லைப் பார்த்தாள். மீனெண்ணெய் இறங்கி மஞ்சளாக இருந்தது. எழுத்துக்குள் பாசி. “கப்பு அடிக்குது சார். தண்ணி வுட்டு கய்வி வுடட்டா?”

“வேணாம். நான் பாத்துக்கறேன்.”

அவனுக்கு அந்தக் கல் வெள்ளையாக வேண்டும் என்று இருந்தது. வருகிறவர்கள் வாசலில் நுழையும்போதே தெரிய வேண்டும்.

அன்றைக்கே மாமல்லபுரம் போனான். சிற்பப் பட்டறையில் கல்தச்சன் லட்சுமணன் நந்தி ஒன்றுக்குக் கால் செதுக்கிக்கொண்டிருந்தான். முகமெல்லாம் கல் மாவு.

“கறை போவணும்” என்றான் தேவசகாயம். “மீனெண்ணெ. பாசி.”

“தேச்சா போவாது அது. ஆசிட் ஊத்து. கோயில் தளத்துக்கெல்லாம் அதான் ஊத்தறோம். ஊத்தி கொஞ்சம் வுட்டு, கம்பி பிரஷ் போட்டு தேய். தண்ணி அடி. புதுசாயிடும்.”

“கல்லுக்கு ஒண்ணும் ஆவாதே?”

லட்சுமணன் உளியை நிறுத்தினான். “இன்னா சார் கேக்கற? உளி ஒடயுது, கல்லு ஒடய மாட்டேங்குது. ஆசிட்டு இன்னா பண்ணும்? உன் கை மேல பட்டா கை போவும். கல்லுக்கு ஒண்ணும் ஆவாது.”

அந்தப் பக்கத்தில் கல் என்றால் ஒரே கல்தான். அதில்தான் கோயில், அம்மி, எல்லைக்கல், வாசற்படி. வேறு மாதிரிக் கல் ஒன்று இருக்கும் என்று லட்சுமணனுக்குத் தோன்றவில்லை. தேவசகாயத்துக்கும் தோன்றவில்லை. ஆசிட் ஜாடி ஒன்றை வாங்கிக் கோணிச் சாக்கில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தான்.

மதியத்துக்கு மேல் ஊற்றினான். கல் பொங்கியது. வெள்ளையாக நுரை எழும்பிச் சீறியது. சாராள் தண்ணீர்க் குடத்தோடு பக்கத்தில் நின்றாள்.

“ஏங்க, பொகையுது.”

“அழுக்கு வருது.”

“இவ்ளோ அழுக்கா?”

“எத்தினி வருசத்து அழுக்கு. தள்ளி நில்லு.”

அவன் இன்னொரு தடவை ஊற்றினான். குந்தி உட்கார்ந்து கம்பி பிரஷ்ஷால் எழுத்தெழுத்தாகத் தேய்த்தான். பிறகு தண்ணீர். கல் பளிச்சென்று வந்தது. உரித்த நுங்கு மாதிரி இருந்தது. வாசலுக்குப் போய் அங்கிருந்து பார்த்தான். திருப்தியாக இருந்தது.

காய்ந்த பிறகு கிட்டே வந்து குனிந்தான். பூமாலை இல்லை. பெயரின் முதல் எழுத்தில் ஒரு கோடு மட்டும் மிச்சமிருந்தது. மற்றது தேய்ந்த சோப்புக்கட்டிமேல் பெயர் இருப்பது போல இருந்தது. விரலால் தடவினான். எங்கே எந்த எழுத்து என்று விரலுக்குத் தெரியும். விரல் வழுக்கிக்கொண்டு போனது.

சாராள் வந்து பார்த்தாள்.

“எழுத்து எங்க?”

“வெயில் சாஞ்சிடுச்சி. அதான் தெரியல. காலையில தெரியும்.”

காலையிலும் தெரியவில்லை.

ஜீப் முற்பகலில் வந்தது. மெட்ராஸ் ஆபீசர் சதாசிவம் முன்னால் இறங்கினார். பின்னால் ஒரு வயதான வெள்ளைக்காரரும் அவர் மனைவியும். அந்த அம்மாவுக்குத்தான் சொந்தம். தொப்பி போட்டிருந்தாள். கையில் கனகாம்பரம், வழியில் வாங்கியது. கல்லைக் காட்டியதும் மண்டி போட்டுக் குனிந்தாள். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். கழற்றிப் பார்த்தாள். அண்ணாந்து புருஷனைப் பார்த்தாள்.

சதாசிவமும் குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

“தேவசகாயம், என்ன இது? போன தடவ இருந்துதே. நானே படிச்சேனே.”

தேவசகாயம் வாயைத் திறந்தான். என்ன சொல்லப்போகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

“கருவாடு, சார்.”

“என்னது?”

“குப்பத்துப் பொம்பளைங்க இது மேலதான் காயவைக்கறாங்க. உப்பு. மீனெண்ணெ. அரிச்சிடுச்சி. நானும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன் சார். கேக்கறதில்ல.”

வார்த்தைகள் தடையில்லாமல் வந்தன.

“இந்தக் கல்லு மேல யாரு வைக்கிறது?”

“எல்லாரும்தான் சார்.”

“இந்தக் கல்லு மேல யாருன்னு கேக்கறேன்.”

“குப்பம்மான்னு ஒருத்தி.”

சாராள் தட்டில் இளநீரோடு நின்றுகொண்டிருந்தாள். சதாசிவம் இங்கிலீஷில் அந்த அம்மாவுக்குச் சொன்னார். அவள் கடல் பக்கம் பார்த்துவிட்டு மெதுவாக என்னவோ சொன்னாள்.

“என்ன சார் சொல்றாங்க?”

“பரவால்லையாம். ஏழைங்க, அவங்களுக்கு எப்படித் தெரியும்னு சொல்றாங்க.” சதாசிவம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “மானம் போகுதுய்யா. இனிமே ஒருத்தரும் உள்ள வரக்கூடாது. கம்பி போட்டுடறேன்.”

அந்த அம்மா கனகாம்பரத்தைக் கல்லின்மேல் வைத்தாள். போகும்போது சாராளின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

அன்று மாலை சாராள் அடுப்பில் உலை வைத்துவிட்டுத் திரும்பாமலே கேட்டாள்.

“குப்பம்மாக்கா பேர எதுக்கு சொன்னீங்க?”

“கேட்டாரு.”

“கல்லு எப்டி போச்சின்னுந்தான கேட்டாரு.”

“வேல போயிடும் சாராளு. வூடு போயிடும். அப்புறம் எங்க போறது? எங்கப்பன் மாதிரி எவன் களத்துலயாவது போய் நிக்கணும்.”

“நின்னாரு. யாரையும் மாட்டி வுடல.”

 அவள் சாதத்தை வடித்தாள். ரசம் மட்டும் வைத்திருந்தாள். அறையில் கருவாடு ஒரு பானை நிறைய இருந்தது. அதற்குப் பிறகு அவள் அதைத் தொடவில்லை.

லாரியில் கல்தூணும் முள்கம்பியும் வந்தன. எங்கே குழி தோண்ட வேண்டும் என்று தேவசகாயம்தான் நடந்து காட்டினான். பெண்கள் கூடையோடு மதிலுக்கு வெளியே நின்று பார்த்தார்கள்.

“இன்னா சார் இது?” என்றாள் குப்பம்மா.

“மேல உத்தரவு.”

“எதுக்கு?”

“சீமைக்கல்லு கெட்டுப் போச்சாம். உப்புனால.”

“நான் பொறந்ததுலேர்ந்து உப்புதான் அது மேல. எங்கம்மாவும் அங்கதான் காயவெச்சிது. அப்பல்லாம் கெடாதது இப்ப கெட்டுச்சா?”

“எனக்கு இன்னா தெரியும்? ஆபீசரு சொல்றாரு.”

“நீ சொல்லக் கூடாதா, நல்ல பொம்பளைங்கதான்னு?”

“சொன்னேன்.”

அந்தப் பொய்யையும் சொன்னான்.

பெண்கள் மணலுக்குப் போனார்கள். பழைய வலையை விரித்து அதன்மேல் காயவைத்துப் பார்த்தார்கள். காற்று மணலை அள்ளிப் போட்டது. நாய் வந்தது. காலையில் பனி இறங்கி அடிப்பக்கம் ஊறிப் புழு வைத்தது. செங்கல்பட்டு வியாபாரி ஒரு நெத்திலியை வாயில் போட்டுக் கடித்துத் துப்பினான். மண்ணு, கோழித் தீனிக்குத்தான் ஆவும் என்றான். அந்த விலைக்கு எடுத்துக்கொண்டு போனான். பெண்கள் தங்களுக்குள் சண்டை போட்டார்கள். பிறகு எல்லாரும் குப்பம்மா பக்கம் திரும்பினார்கள். அவள்தான் உப்பு ஒரு கை கூடப் போடுகிறவள். அவள் இடம்தான் சீமைக்கல். குழாயடியில் அவளுக்குக் குடம் வைக்க இடம் விடவில்லை.

ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. மறுநாள் தலைவர் பக்தவச்சலம் தேவசகாயத்தைப் பார்க்க வந்தார். தோளில் துண்டு, காலில் செருப்பில்லை. உட்காரச் சொன்னதற்கு மதில்மேல் உட்கார்ந்தார்.

“ஞாயித்துக்கெழம ஜெபத்துக்குப் போய்ட்டு எப்ப சார் வருவ?”

“பத்து மணி ஆவும். ஏன்?”

“ஊரு வருது. குப்பம்மா உன் கால்ல வுய்ந்து மன்னாப்பு கேக்கும். அத்தோட நீ கோவத்த வுட்டுடணும். வுட்டுட்டு மெட்ராஸ் போய் பேசணும். களம் இல்லாம பொம்பளைங்க பேஜாராப் பூட்டாங்கோ.”

“என் கால்ல எதுக்கு?”

“சர்க்காருக்கு கால எங்க சார் தேடறது? எங்களுக்குத் தெரிஞ்ச காலு உன் காலுதான்.” பக்தவச்சலம் சிரித்தார்.

“வேணாங்க. எனக்குக் கோவமே இல்ல.”

“உனக்கு இல்ல சார். நீ பெரிய மனசுக்காரன். ஆனா ஊரு முடிவு பண்ணிடுச்சி. தப்பு பண்ணவங்க வுய்ந்து எய்ந்துக்கணும். அது எங்க கட்டு. வுய்லன்னா அவ புள்ளைக்கு வலையில பங்கு கெடையாது. பொண்ணு குடுக்க மாட்டாங்கோ. சாவுக்குப் போவ மாட்டாங்கோ.”

“தப்பு அவங்க மேல இல்லன்னா?”

“பின்ன யாரு மேல? கல்லு தானாவா கரையும்?”

தேவசகாயம் மதிலைப் பார்த்தான். ஆலங்கன்று ஒன்று புதிதாக முளைத்திருந்தது. பக்தவச்சலம் எழுந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார்.

குப்பம்மா சனிக்கிழமை மத்தியானம் வந்தாள். அவன் கம்பிக்கு உள்ளே புல் வெட்டிக்கொண்டிருந்தான். அவள் வெளியே நின்றாள். வெயிலுக்கு முந்தானையைத் தலைமேல் போட்டிருந்தாள்.

“சாராளு சொல்லிச்சி” என்றாள்.

அவன் அரிவாளைக் கீழே வைத்தான்.

“எப்போ?”

“இப்பதான். வூட்டாண்ட வந்து அயுதுச்சி. உங்கிட்ட மீனு வாங்கித் துன்ன வாயி அக்கா, மூடிகினு இருக்க முடிலன்னு. நான்தான் தேத்தி அனுப்பிச்சேன்.”

அவன் எழுந்து நின்றான். கம்பி அருகே போகவில்லை.

“ஆசிட்டா சார்?”

“ஆமா.”

“கய்வி வுடறேன்னு சொன்னேன்.”

“ஆமா.”

“ஒருத்தின்னு சொன்னியாமே. குப்பம்மான்னு ஒருத்தி.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் கம்பியின் ஒரு முள்ளை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“நாளைக்கு ஊரு முன்னால சொல்லிடறேன்” என்றான். “நீ வுழ வேணாம். நான்தான் ஊத்தினேன்னு சொல்லிடறேன்.”

“சொல்லி?”

“உம்மேல தப்பு இல்லன்னு ஆயிடும்.”

“ஆயிடும். உன்ன வேலய வுட்டு தூக்கிடுவாங்கோ. புதுசா ஒருத்தன் வருவான். அவன் எங்கள பாத்திருக்கானா, எங்க கையால மீனு துன்னிருக்கானா? வந்த கம்பிய அப்டியே வெச்சிக்குவான். எனக்கு நல்ல பேரு வரும். களம் வருமா?”

“நீ எங்கால்ல வுழறது…”

“வுய்ந்தா இன்னா சார்? மொயங்காலு நோவும். அவ்ளோதான்.” அவள் குரல் ஏறவில்லை. “என் புள்ளைக்குப் பங்கு வோணும். அதுக்கு வுய்வறேன். உன்ன பாத்து இல்ல.”

கடலில் காற்று திரும்பியிருந்தது. தோப்பில் சத்தம் கேட்டது.

“நீ ஒண்ணே ஒண்ணு பண்ணு” என்றாள். “மெட்ராஸ் போ. கல்லு பக்கம் யாரும் வர மாட்டாங்கோன்னு சொல்லு. மேக்குப் பக்கம் பாதி தளம் கேளு. காத்தால வுட்டுட்டு சாயந்தரம் தொரத்திடறேன்னு சொல்லு. ஆபீசரு நல்ல மனுசன் மாதிரிதான் இருந்தாரு, சாராளு சொல்லிச்சி. கெஞ்சிக் கேளு. மத்தது ஒண்ணும் சொல்லாத. எனுக்கு களம் வாங்கிக் குடு. வேற எதுவும் வேணாம்.”

“சரி.”

“சரின்னா? வாய தொறக்க மாட்டியே?”

“மாட்டேன்.”

“உன் வாய் ஒரு தடவ தொறந்துதான் நான் இங்க நிக்கறேன்” என்றாள். போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் ஜெபத்திலிருந்து திரும்பியபோது ஊர் வாசலில் நின்றது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். தணிகைவேல் கடைசியில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். சாராள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பக்தவச்சலம் தொண்டையைக் கனைத்தார். “அறியாம பண்ண தப்பு. சர்க்காரு சொத்து நம்ம பொம்பளையால கெட்டுச்சி. ஊரு சார்பா அவ வுய்வறா. சாரு மனசு எறங்கணும்.”

குப்பம்மா முன்னால் வந்தாள். வெளுத்த புடவை கட்டியிருந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முதலில் முழங்கால், பிறகு கை, பிறகு நெற்றி. மண்ணில் நீளமாகக் கிடந்தாள். அவன் செருப்பைக் கழற்றாமல் நின்றது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. கழற்றலாமா என்று நினைத்தான். காலை நகர்த்தினால் அவள் தலையில் படும்.

 அவள் தலைமுடியில் நரை வகிட்டை ஒட்டி இருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எய்ந்திருன்னு சொல்லு சார்” என்றார் பக்தவச்சலம் மெதுவாக. “நீ சொன்னாதான் எய்ந்துக்கும்.”

அவன் சாத்தியிருந்த வீட்டுக் கதவைப் பார்த்தான்.

கீழே கிடந்தபடியே குப்பம்மா சொன்னாள். அவனுக்கு மட்டும் கேட்டது. “சொல்லு சார். மண்ணு சுடுது.”

“எழுந்திரும்மா” என்றான்.

அவள் எழுந்தாள். நெற்றியில் மண். துடைக்கவில்லை. பெண்களில் இரண்டு பேர் வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். அவளோடு சண்டை போட்டவர்கள். பக்தவச்சலம் தேவசகாயத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, நீ தங்கமானவன் சார் என்றார். யாரோ ஒரு முழு வஞ்சிரத்தை வாழையிலையில் வைத்து வாசற்படியில் வைத்தார்கள். சாராள் அதை எடுக்கவில்லை. மத்தியானம் வரை ஈ மொய்த்தது. பிறகு அவனே எடுத்துக்கொண்டு போய்த் தோப்பில் புதைத்தான்.

செவ்வாய்க்கிழமை மெட்ராஸ் போனான். சாராள் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.  பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டான். கல்லு பக்கம் வர மாட்டாங்க சார். மேக்குப் பக்கம் பாதி. காலையில் விட்டுவிட்டு சாயந்தரம்.

சதாசிவம் அவனை உட்காரச் சொன்னார். முன்னால் எப்போதும் சொன்னதில்லை. டீ வரவழைத்தார்.

“அன்னைக்குக் கோவத்துல கத்திட்டேன்” என்றார். “நீ ஒரு ஆளா எவ்வளவு பாப்ப? அந்த ஜனங்க எப்படி இருக்காங்க? ஏதாவது கேக்கறாங்களா?”

“கேக்கறாங்க சார்.”

“என்ன கேக்கறாங்க? சொல்லு. யோசிக்கலாம். வாயில்லாத ஜனங்க. கல்லறைய விட்டுட்டு மத்த இடத்த விடலாம்னா எழுதிப் பாக்கலாம்.”

டீ சூடாக இருந்தது. தேவசகாயம் டம்ளரைக் கீழே வைத்தான். வாயில்லாத ஜனங்க என்று அவர் சொன்னது அவனுக்குள் எங்கோ போய் நின்றது. பஸ்ஸில் சொல்லிப் பார்த்தது எதுவும் வரவில்லை.

“சார், அது உப்பு இல்ல சார்.”

“எது?”

“கல்லு. நான்தான் சார். ஆசிட் ஊத்தினேன். வெள்ளையாவட்டும்னு ஊத்தினேன். அவங்க ஒண்ணும் பண்ணல சார். அந்தக் குப்பம்மா எங்கால்ல வுழுந்துச்சி சார்.”

அவன் அழுதான். சதாசிவம் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“யார் யாருக்குத் தெரியும்?”

“என் வீட்டுக்காரிக்கு. அந்தம்மாவுக்கு.”

“நான் உப்புன்னு எழுதிட்டேன். என் கையெழுத்துப் போட்டு டெல்லிக்குப் போயாச்சு. அந்த ஹாலந்துக்காரங்களும் உப்புன்னு நெனச்சிக்கிட்டுப் போயாச்சு. இப்ப நான் என்ன பண்ணணும்?”

“என்ன வேலய விட்டு எடுத்துடுங்க சார்.”

“எடுத்தா ஏன் எடுத்தேன்னு கேப்பாங்க. விசாரிக்காம நீ எப்படி எழுதினன்னு என்னைக் கேப்பாங்க.” அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். குரலில் கோபமில்லை. “கேட்டுக்கோ. நீ ஒண்ணும் சொல்லல. நான் ஒண்ணும் கேக்கல. கம்பி அப்படியே இருக்கட்டும். இனிமே அந்தப் பொம்பளைங்க ஒருத்தர்கூட உள்ள கால் வைக்கக் கூடாது. வந்தா கல்லப் பாப்பாங்க. பாத்தா பேசுவாங்க.”

“சார், மேக்குப் பக்கம் பாதி…”

“அதெல்லாம் இனிமே பேசாத. போ. போய் வேலையப் பாரு.”

அவன் படி இறங்கினான். வெளியே வெயில். பாதிப் படியில் உடம்பு லேசாக இருப்பது தெரிந்தது. வேலை இருந்தது. வீடு இருந்தது. சொல்லியும் ஆயிற்று. கீழே வந்து கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். தன் உடம்பின்மேல் அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

பஸ் அவனை இறக்கிவிட்டபோது வெயில் தாழவில்லை. நிறுத்தத்தில் குப்பம்மா திருப்போரூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். பக்கத்தில் கீழே கூடை, மேலே தாழம்பாய் போட்டு மூடியது. வேறு யாரும் இல்லை. அவனைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

“இன்னா சார், பாத்தியா?”

“பாத்தேன்.”

“நாஸ்தா துன்னியா? மூஞ்சி வெளுத்துக் கீது.”

“டீ குடிச்சேன்.”

“பாதி குடுத்தாரா?”

அவன் ரோட்டைப் பார்த்தான்.

“சொல்லிட்டேன்” என்றான்.

“இன்னா சொன்ன?”

“ஆசிட் ஊத்தினத.”

அவள் கூடையைத் திரும்பிப் பார்த்தாள்.

“வேல?”

“இருக்குது.”

“கம்பி?”

“இருக்கும். இனிமே யாரும் உள்ள வரக்கூடாதுன்னுட்டாரு.”

“மேக்குப் பக்கம் கேட்டியா?”

“கேக்கறதுக்கு முன்னால… வந்துடுச்சி. முடியல.”

“உனுக்கு முடியல” என்றாள்.

அவள் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டாள். திட்டுவாள் என்று அவன் நின்றான். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தான்.

“இப்ப நல்லா கீதா சார்?” என்றாள்.

அவள் கேட்டது கிண்டலாக இல்லை. உடம்பு தேவலையா என்று கேட்பது போலத்தான் கேட்டாள். 

சவுக்குத் தோப்புத் திருப்பத்தில் திருப்போரூர் பஸ் தெரிந்தது. மீன் கூடையைத் தலைக்கு ஏற்ற இன்னொரு ஆள் வேண்டும். வழியில் போகிற யாராவது ஒரு கை பிடித்துவிட்டுப் போவார்கள். அதற்குப் பேர், ஊர் கேட்பதில்லை. குப்பம்மா சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்தாள். தேவசகாயம் குனிந்து கூடையின் காதைப் பிடித்தான்.

“வுடு சார்” என்றாள்.

அவன் கையை எடுத்தான். பஸ் வந்துகொண்டிருந்தது. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ரோட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள்.